மூன்று மைல் புலம்பெயர்வு

இங்கிலாந்தின் பீட்டர்பரோவுக்குக் குடிவந்த முதல் கோடையில், கோதுமை வயல்களின் ஓரமாக நடந்துகொண்டிருந்த என்னை, 'தனியார் நிலம், நுழையாதீர்' என்ற பலகை நிறுத்தியது. நடக்கலாம் என்று அனுமதித்த தடத்தை, வேலிக்காலில் ஆணியடித்திருந்த உள்ளங்கையளவு மஞ்சள் அம்புக்குறி காட்டியது. வரப்பில் நடக்க யாரையும் கேட்டுப் பழகாத தஞ்சாவூர்க்காரனுக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது.

அந்தச் சுருக்கை அந்தக் காலத்திலேயே எழுதிவைத்தவர், பக்கத்து ஹெல்ப்ஸ்டனில் 1793இல் பிறந்து வயல்வேலை செய்து வளர்ந்த கவிஞர் ஜான் கிளேர். ரொமான்டிக் கவிதை என்று கல்லூரியில் நமக்குக் கிடைத்ததெல்லாம் வேர்ட்ஸ்வொர்த்தும் டஃபோடில் மலர்களும்தான். வாங்குவதிலும் செலவழிப்பதிலும் மூழ்கி இயற்கையைத் தொலைத்துவிட்டோம் என்று வருந்திய வேர்ட்ஸ்வொர்த்தே, 1844இல் தன் ஏரிப் பகுதியிலுள்ள விண்டர்மியருக்கு ரயில் வரக்கூடாதென்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஆலைத் தொழிலாளர்கள் கூட்டமாக வந்திறங்குவது அவருக்கு உவப்பாக இல்லை.

இயற்கையைக் காட்சியாக வைத்துக்கொள்ளும் வசதி கிளேருக்கு இல்லை. 1809ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஹெல்ப்ஸ்டனின் பொது மேய்ச்சல் வெளியை அளந்து, பங்கிட்டு, வேலியடைத்தார்கள். மாடு மேய்ந்த இடமெல்லாம் யாரோ ஒருவருடைய சொத்தாயிற்று. இதற்குமேல் வரக்கூடாதென்று பறவைகளுக்கும் சேர்த்துத்தான் பலகை நட்டார்களோ என்று கசந்து எழுதினார். ஸ்வார்டி வெல் என்ற பொதுநிலத்தை, அதுவே வாய்திறந்து தன் கதியைச் சொல்லி அழுவதாகவும் பாடினார். மனம் மரத்துப்போனதால் இயற்கை அந்நியமாயிற்று என்று மற்றவர்கள் பாடிய காலத்தில், அளவுச்சங்கிலியோடு வந்தவர்களை நோக்கி விரல் நீட்டியவர் அவர். எனக்கு அவரையே பிடித்திருக்கிறது.

1832இல் புரவலர்கள் அவருக்கு நார்த்பரோவில் வசதியான வீடு கொடுத்தார்கள். மூன்று மைல், கும்பகோணத்திலிருந்து புறப்பட்டால் தாராசுரத்தைச் சற்றே தாண்டுவதற்குள் முடிந்துவிடும் தூரம். அதற்கே, கோடைகூட இங்கே அந்நியரைப்போல வருகிறது என்று புலம்பினார். கடல் கடந்து வந்த நான் எவ்வளவு புலம்பியிருக்க வேண்டும்! பிறகு மனம் பேதலித்து, 1841இல் எப்பிங் காட்டருகே இருந்த காப்பகத்திலிருந்து தப்பி, ஏறத்தாழ 80 மைல் நடந்தே ஊர் திரும்பினார். வழியில் பசிக்குச் சாலையோரப் புல்லைத் தின்றார். அது ரொட்டிபோல ருசித்ததாம்.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. அம்புக்குறியை மீறுவதில்லை, நாயோடு எதிரே வருபவரிடம் மழையைப் பற்றிப் பேசுகிறேன். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயலைக் கண்டால்தான், ராமநாதபுரம் பக்கமிருந்து ஆடு ஓட்டிவரும் கீதாரிகள் நினைவுக்கு வருகிறார்கள். எருவுக்காக ஆடுகளை வயலில் எத்தனை இரவு கிடை மறிப்பதென்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேரம் பேசுவார். ஆடுகளின் சத்தத்தில் தூக்கம் போயிற்றென்று அம்மா முணுமுணுப்பார். கிடை மறித்த வயலுக்கு அந்தப் போகம் யூரியா குறைவாகப் போட்டால் போதும் என்பது அப்பாவின் கணக்கு. இந்த வயல்காரரிடம் அதைச் சொல்லலாம்தான். முதலில் அவர் வாசல்வரை போக வழி விடவேண்டும்.