ஜவுளிக்கடை டேப்லெட்டும் இடது ஓர மெனுவும்

மதுரை விளக்குத்தூண் பக்கம் இருக்கிற ஒரு ஜவுளிக்கடைக்காகச் சரக்கு பார்க்கும் ஆப் ஒன்றை எழுதிப் பராமரித்து வருகிறேன். முதலில் போனுக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன். ஒரு தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால் கடையில் பத்து அங்குல ஆண்ட்ராய்ட் டேப்லெட்டுகள் வாங்கினார்கள், பிரிவுக்கு ஒன்று என்று. "தம்பி, அதே ஆப்பை இதுல போட்டுக் குடுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. போட்டுக் கொடுத்தேன். ஆப் திறந்தது, பட்டியல் ஓடியது, பார்கோடு படித்தது. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சேலைப் பிரிவில் இருபது வருடமாக நிற்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, போன்னா ஒரு கையிலயே பார்த்துருவேன். இதுல கீழ இருக்கறதைத் தொடணும்னா டேப்லெட்டை எங்கயாவது வைக்கணும். கை நிறைய சேலையை வச்சுக்கிட்டு எங்க வைக்க?"

அடுத்த நாள் மதியம் போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். சேலைப் பிரிவில் எல்லோரும் டேப்லெட்டை ஒரே மாதிரிதான் பிடிக்கிறார்கள். இடது முழங்கையை இடுப்போடு சேர்த்து, முன்கையின் மேல் டேப்லெட்டைப் படுக்கவாட்டில் சாய்த்து, இடது கையால் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். வலது கை சேலை விரிக்க. அப்படிப் பிடிக்கும்போது திரையைத் தொடச் சும்மா இருப்பது இடது கட்டைவிரல் ஒன்றுதான். அது போய் நிற்கும் இடம், இடது ஓரத்தில் ஏறக்குறைய நடுப்பகுதி. என் மெனுவோ கீழ் ஓரத்தின் நடுவில், அந்த விரலுக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருந்தது.

போனில் கீழே வரும் அந்தப் பட்டை நல்ல விஷயம். கட்டைவிரல் அங்கேதான் இருக்கும். ஆனால் அதே பட்டையை அகலமான திரையில் போட்டால், பொத்தான், பட்டை போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் கூகுளின் மெட்டீரியல் நூலகம் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் அதிகபட்ச அகலம் வைத்து, எல்லாவற்றையும் நடுவில் கூட்டிவிடும். ஐந்து பொத்தானும் நடுவில் கும்பலாக நிற்க, இரண்டு பக்கமும் வெற்றிடம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேஜை மேல் வைத்துச் சோதித்துப் பார்த்ததால் எனக்கு இது உறைக்கவே இல்லை.

இதற்கென்றே இருப்பது நேவிகேஷன் ரெயில். கீழே படுத்திருக்கும் பட்டையை இடது ஓரத்தில் நிற்க வைத்ததுபோல, ஐகானும் அதன் கீழே ஒரு சொல்லும். மெட்டீரியல் வழிகாட்டுதலில் திரைகளை டிபி (dp) என்ற ஆண்ட்ராய்ட் அளவுக் கணக்கில் பிரித்திருக்கிறார்கள். 160 டிபி என்பது ஏறக்குறைய ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 600 டிபிக்குக் குறைந்தால் கீழ்ப்பட்டை, அதற்கு மேல் போனால் ரெயில் பொருத்தம் என்பது அவர்கள் கணக்கு. கீழ்ப்பட்டையில் மூன்று முதல் ஐந்து, ரெயிலில் ஏழு வரை வைக்கலாம். மாற்றுவது எளிதாகவே இருந்தது. அதே மெனுக் கோப்பைத்தான் இரண்டுமே படிக்கின்றன. 600 டிபிக்கு மேற்பட்ட அகலத்துக்கு என்று தனித் திரை அமைப்பு (லேஅவுட்) ஒன்று எழுதினேன், அவ்வளவுதான்.

ஆனால் ரெயிலில் பொத்தான்கள் இயல்பாக மேலிருந்து அடுக்கப்படும். அக்காவின் கட்டைவிரல் மேலே இல்லையே, நடுவில்தானே இருக்கிறது? மெனு கிராவிட்டி என்று ஒரு பண்பு இருக்கிறது, அதில் நடு என்று ஒரு வரி எழுதினால் மொத்த அடுக்கும் நடுவுக்கு இறங்கிவிடும். இத்தனை மாற்றத்தில் கடையில் எல்லோரும் உடனே கவனித்தது அந்த ஒரு வரியைத்தான். மறுநாள் அக்கா வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே, திரையைப் பார்க்காமல் விரலை நகர்த்தியதைப் பார்த்தேன். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இடையில் ஒரு சின்னத் தவறும் செய்திருந்தேன். ஆப் திறக்கும்போது 'இது டேப்லெட்டா' என்று ஒரே ஒரு முறை கேட்டு, அந்த விடையையே வைத்து மெனுவைத் தீர்மானித்தேன். பில் போடும் அம்மா கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துத் திரையைப் பிரித்ததும், ஒடுங்கிப்போன என் பாதியில் ரெயில் இடத்தைத் தின்றுகொண்டு நின்றது. கருவி எது என்று கேட்கக் கூடாது, இப்போது திரையில் என் ஆப்புக்கு எவ்வளவு அகலம் கிடைத்திருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறை அகலம் மாறும்போதும் கேட்க வேண்டும். படுக்கவாட்டில் மட்டும்தான் ஓடும் என்று பூட்டி வைப்பதும் இனி உதவாது. ஆண்ட்ராய்ட் 16-ஐ இலக்காக வைத்து, அதாவது அந்தப் பதிப்பின் விதிகளை ஏற்று, கட்டும் ஆப்களுக்குப் பெரிய திரைகளில் அந்தப் பூட்டை ஆண்ட்ராய்டே கண்டுகொள்ளாது.

சரி, இடம் கிடைத்தது. அடுத்து வந்தது சொல் பிரச்சினை. எனக்கு அதிக நாள் பிடித்ததும், அதிகம் பிடித்துப்போனதும் இந்தப் பகுதிதான்.

ரெயிலின் அகலம் 80 டிபி. அதாவது அரை அங்குலம். எழுத்து அளவு 12. நான் வைத்திருந்த சொற்கள்: 'பொருள் பட்டியல்', 'கிடங்கு இருப்பு', 'விற்பனைச் சீட்டு', 'திரும்பப் பெற்றவை', 'விலை விவரம்'. எல்லாம் நல்ல தமிழ்தான். ஒன்றும் அந்த அரை அங்குலத்தில் அடங்கவில்லை. 'திரும்பப்' என்பதற்குப் பிறகு மூன்று புள்ளிதான் தெரிந்தது. எழுத்தைச் சிறிதாக்கலாம் என்றால் அக்கா கண்ணாடி போடுகிறவர். சொல்லே வேண்டாம், ஐகான் போதும் என்று ஒரு நாள் முயன்று பார்த்தேன். திரும்பி வரும் சரக்குக்கு வளைந்த அம்பு போட்டிருந்தேன். அதை எல்லோரும் முந்தின திரைக்குப் போகும் பொத்தான் என்று நினைத்து அழுத்தினார்கள். அது நியாயமான நினைப்பு. அந்த அம்புக்கு மற்ற எல்லா ஆப்பிலும் அதுதான் பொருள்.

அப்புறம்தான் நோட்டும் பேனாவுமாக ஒரு சாயங்காலம் கடையில் உட்கார்ந்து, அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசுவதை எழுதிக்கொண்டேன். "மெரூன் கலர் குடோன்ல இருக்கான்னு பாரு." "அந்த அம்மாவுக்கு பில்லு போட்டாச்சா?" "ரிட்டன் வந்துச்சே, அதை எங்க வச்ச?" யாரும் கிடங்கு இருப்பு என்று சொல்லவில்லை. குடோன் என்றார்கள். மெனுவில் இப்போது இருப்பவை: சரக்கு, குடோன், பில், ரிட்டன், விலை. எல்லாம் அரை அங்குலத்தில் அடங்கின. யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன்கூட முதல் நாளே "குடோன்ல பார்க்கட்டுமா அக்கா" என்று கேட்டபடி சரியான பொத்தானைத் தொட்டான்.

எனக்குத் தமிழ்மேல் ஆசை உண்டு. 'கிடங்கு' என்ற சொல்லை எடுக்கும்போது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அரைநொடியில் கண்ணால் பார்த்துத் தொட வேண்டிய இடத்தில், அந்தக் கடையின் வாயில் புழங்கும் சொல்தான் இருக்க வேண்டும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். உள்ளே போனால் வரும் பெரிய திரையில் 'கிடங்கில் உள்ள சரக்கு' என்றே தலைப்பு வைத்திருக்கிறேன். அங்கே இடமும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

தமிழில் மெனு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். நம் எழுத்து மேலேயும் வளையும், கீழேயும் இறங்கும். இதனால் ஆண்ட்ராய்ட் பல காலமாகத் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், தாய் போன்றவற்றுக்குப் பொத்தான், பட்டியல் போன்ற இடங்களில் உயரம் குறுக்கிய எழுத்துருவைக் காட்டிவந்தது. ஆண்ட்ராய்ட் 15-ஐ இலக்காக வைத்துக் கட்டினால் அந்தக் குறுக்கல் போய், முழு உயர எழுத்து இயல்பாக வரும். படிக்க அது நல்லது. ஆனால் நான் சொல்லின் பெட்டிக்கு உயரத்தை எண்ணால் கட்டிப்போட்டிருந்தேன். ஆப்பைப் புதிய இலக்குக்கு மாற்றிய அன்று 'ரிட்டன்' என்பதன் மேல்வளைவு வெட்டுப்பட்டு நின்றது. ஆங்கிலத்தில் சோதித்தால் இது தெரியவே தெரியாது. உயரத்தை எழுத்தே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தீபாவளி முடிந்ததும் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒவ்வொரு கோரிக்கை வந்தது. வேட்டிப் பிரிவுக்கு விலை முதலில் வேண்டும். கல்லாவில் பில் முதலில் வேண்டும். சேலைப் பிரிவுக்குக் குடோன். யாருக்கு எது என்று நான் ஏன் முடிவு செய்ய வேண்டும்? அவரவரே மாற்றிக்கொள்ளட்டும் என்று வரிசையைத் திறந்துவிட முடிவு செய்தேன்.

பொத்தானை அழுத்திப் பிடித்தால் இழுக்கலாம் என்று வைப்பதுதான் வழக்கம். ஆனால் இவர்கள் கட்டைவிரல் நாளெல்லாம் அந்தப் பட்டையின் மேலேயே கிடக்கிறது. அழுத்திப் பிடிப்பது அவர்களுக்குச் சும்மா நிற்கும் நிலை. அதனால் அமைப்புகளுக்குள் 'மெனு வரிசை' என்று தனித்திரை வைத்தேன். ஐந்து வரி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் இழுக்க ஒரு பிடி. மாதத்துக்கு ஒரு முறை செய்கிற வேலைக்கு இரண்டு தட்டு கூடுதலாக இருப்பதில் தவறில்லை.

வரிசையைச் சேமித்த விதத்தில்தான் பெரிய தப்பு செய்தேன். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு மெனுப் பொருளுக்கும் ஓர் எண் அடையாளம் தானாகவே உருவாகும். அந்த எண்களை அப்படியே எழுதி வைத்தேன். ஆப்பைக் கட்டும்போது புதிய பொருள் ஏதாவது சேர்ந்தால் அந்த எண்கள் மாறக்கூடும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஆடித் தள்ளுபடி நேரத்தில் பிளவுஸ் தைக்கக் கொடுத்ததைப் பார்க்க 'தையல்' என்று ஒரு திரை சேர்த்து, வெள்ளி ராத்திரி புதிய பதிப்பை அனுப்பினேன். சனிக்கிழமை காலை எல்லா டேப்லெட்டிலும் வரிசை குலைந்திருந்தது. பில் இருந்த இடத்தில் ரிட்டன். இரண்டு திரையும் ஒரே மாதிரி இருக்கும், பார்கோடு படிக்கும். பில் போடும் அம்மா பழக்கத்தில் தொட்டு, மூன்று விற்பனையை ரிட்டன் கணக்கில் ஏற்றிவிட்டார். அதைத் திருத்தி முடிக்க அவருக்கு மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது 'பில்', 'குடோன்' என்று நானே வைத்த பெயர்களைத்தான் சேமிக்கிறேன். பதிப்பு எத்தனை மாறினாலும் பெயர் மாறாது. புதிதாக வருவது எப்போதும் வரிசையின் கடைசியில் போய் நிற்கும், நடுவில் நுழையாது. மெனுவை ஒவ்வொரு முறையும் காலி செய்து, சேமித்த வரிசைப்படி திரும்ப அடுக்குகிறேன்.

இதைத் திருத்தும்போது ஐபேட் பக்கம் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று படித்தேன். 2024-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 18-ல், ஆப்பின் திரைகளுக்கிடையே மாற உதவும் டேப் பட்டை மேலே வந்துவிட்டது. அதையே பக்கப்பட்டையாக விரிக்கலாம், அங்கிருந்து வேண்டியதை இழுத்து மேல்பட்டையில் போட்டுக்கொள்ளலாம். ஆப் திரைகளை எழுத ஆப்பிள் தரும் ஸ்விஃப்ட்யூஐயில் இதைச் செய்ய, ஒவ்வொரு டேபுக்கும் எழுதுகிறவரே மாறாத ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும். நான் ஒரு சனிக்கிழமையைக் கொடுத்துக் கற்றதை அவர்கள் விதியாகவே வைத்திருக்கிறார்கள். சில டேபுகளை நகர்த்த முடியாதபடி நிறுத்தி வைக்கவும் வழி உண்டு. அந்த யோசனையை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆப்பில் இப்போது ரிட்டன் மட்டும் நகராது. எப்போதும் எல்லாவற்றுக்கும் கீழே, கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கிறது. பணம் திரும்பிப் போகிற பொத்தானுக்கு நிலையான இடம் இருப்பது நல்லது.

டேப்லெட் பிரிவுக்கு ஒன்று, ஆள் மாறி மாறிப் பிடிப்பார்கள். ஆகவே வரிசையை டேப்லெட்டோடு சேர்த்து வைக்காமல் லாகினோடு சேர்த்து வைத்தேன். எந்த டேப்லெட்டை எடுத்தாலும் தன் நான்கு இலக்க எண்ணைப் போட்டால் தன் வரிசை வரும்.

வேட்டிப் பிரிவில் இருக்கும் பையன் இடதுகைக்காரன். அவன் வலது கையில் டேப்லெட்டைப் பிடித்து இடது கையால் வேட்டி விரிக்கிறான். இத்தனை நாள் அவன் மட்டும் எட்டி எட்டித் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காதான் சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கு அந்தப் பக்கமா வச்சுக் குடுங்க தம்பி." போன மாதம் 'பட்டை வலப்பக்கம்' என்று ஒரு தேர்வு சேர்த்தேன். அதுவும் லாகினோடு போகிறது. கூட்ட நேரத்தில் அவன் டேப்லெட்டை அக்கா வாங்கினால், முதல் வேலையாக லாகினை மாற்றுகிறார். நான்கு இலக்கம் தட்ட மூன்று நொடி ஆகிறது. அதை ஒரே தட்டாகக் குறைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.