விழுந்த மரத்தை எடுக்காத காடு

லீவில் தண்டையார்பேட்டைக்கு வந்து பத்து நாளாகிறது. அம்மா லண்டனைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. என் போனில் இருக்கும் காட்டுப் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்.

லண்டன் ஓரத்தில் இருக்கும் எப்பிங் காடு, அங்கே எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சுமார் 6,000 ஏக்கர். அங்கே குடிபோன முதல் குளிர்காலத்தில் எனக்கு வேலை இல்லை, பேச ஆளும் இல்லை. நாலு மணிக்கே இருட்டிவிடும். காலையில் கிளம்பிப் போக எனக்கு இருந்த ஒரே இடம் அந்தக் காடுதான்.

அங்கே அடிமரம் குட்டையாக, பருத்து நிற்கும். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே யானைத் துதிக்கை மாதிரி கிளைகள் கிளம்பும். ஊர்ஜனங்கள் பல நூறு வருஷம் விறகுக்குக் கவாத்து செய்த தடம் அது. மானும் மாடும் எட்டாத உயரத்தில் வெட்டினால்தான் தளிர் பிழைக்கும். அப்படிப்பட்ட கிழமரங்கள் 50,000-க்கு மேல் இருக்கின்றன.

19-ஆம் நூற்றாண்டில் நிலக்காரர்கள் காட்டை வளைத்து வேலி போட்டார்கள். லௌட்டன் ஊர் தாமஸ் வில்லிங்கேல் குடும்பம் விறகு உரிமையை விடவில்லை. கிளை வெட்டியதற்காக அந்த வீட்டு ஆண்கள் ஜெயிலுக்கும் போனார்கள். 1878-இல் சட்டம் வந்தது: வேலி கூடாது, காடு எல்லோருக்கும் பொது. விறகு உரிமை மட்டும் போயிற்று. அதற்கு ஈடாக ஊருக்கு ஒரு மண்டபம் கட்டிக்கொடுத்தார்கள். பொது நிலத்தைக் குறிக்கும் புறம்போக்கு என்ற சொல்லே வசவாகிப்போன ஊர் நம்முடையது. எண்ணூர் ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இதைப் படித்தபோது தொண்டை அடைத்தது.

அப்புறம் அந்த மான்கொம்பு வண்டு. ஜூன் மாதச் சாயங்காலம், மட்கிய கட்டை ஒன்றின் பக்கத்தில் என் விரல் நீளத்தில் ஒன்று ஊர்ந்தது. செம்பழுப்புத் தாடை, மான்கொம்பேதான். மட்கிய மரத்தைத் தின்று பல வருஷம் புழுவாக மண்ணுக்குள் கிடந்து, வெளியே வந்து சில வாரமே வாழும். அதனால்தான் விழுந்த மரத்தை அங்கே அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

"வர்தா புயல்ல நம்ம வாசல் வேப்பமரம் சாஞ்சப்போ, சாயங்காலத்துக்குள்ள துண்டு போட்டு எடுத்துக்கினு போய்ட்டாங்கமா," என்றார் அம்மா. படத்தைப் பெரிதாக்கி வண்டின் கொம்பை விரலால் தடவினார். "இத்த நேர்ல பாக்கணும்."

அடுத்த ஜூனில் வருகிறாராம். நாளைக்குப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம்.