கிள்ளான் துறைமுகத்தைக் காப்பாற்றிய கால்வாய்கள்

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கப்பல்களில் தொடங்கிக் கொள்கலன்களில் முடிப்பார்கள். பந்திங்கில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் எனக்கோ அது முதலில் கால்வாய் வெட்டிய வரலாறாகத்தான் தெரிகிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை சிலாங்கூரின் ஈயம் கிள்ளான் ஆற்றுக்குள் இருந்த பெங்காலான் பத்து துறை வழியாகச் சென்றது. பெரிய கப்பல்கள் அவ்வளவு தூரம் ஏறி வர இயலாததால், ஆற்று முகத்துவாரத்தில் புதிய துறை கட்டப்பட்டு, 1901 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. மலாய்க் கூட்டு மாநிலங்களின் முதல் ரெசிடென்ட் ஜெனரலான, அதாவது பிரிட்டிஷ் தலைமை நிர்வாகியான, பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரை அதற்கு வைத்தார்கள். தீவுகள் அலையைத் தடுக்கும் நல்ல இடம்தான். ஆனால் சுற்றிலும் சதுப்பு.

திறந்த சிறிது காலத்திலேயே மலேரியா பரவி, சரக்கு இறக்கும் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்துவிட, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று அரசு யோசித்தது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் அந்தப் புதிய அறிவை நம்பி, கடல்நீர் ஏறாதபடி கரை கட்டவும், தேங்கும் நீரை வடிக்கவும், புதரை வெட்டவும் வற்புறுத்தினார். துறைமுகத்திலிருந்து கிள்ளான் மருத்துவமனைக்கு வந்த மலேரியா நோயாளிகள் 1901இல் 188 பேர். 1903இல் 21 பேர். துறைமுகத்துக்கு வாட்சன் பெயரையே வைத்திருக்கலாம் என்பது என் கட்சி. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்களைக் கேட்பார் யார்?

அதே முறையை அவர் பின்னர் ரப்பர் தோட்டங்களுக்கும் கொண்டுசென்றார். எங்கள் பக்கத்துக் கடலோரத் தோட்டங்களிலும் மண்கரை, கரைக்குள் கால்வாய், கால்வாயின் வாயில் மடைக்கதவு என்ற அமைப்பைக் காணலாம். கடல் வற்றும்போது உள்நீர் கதவைத் தள்ளிக்கொண்டு வடியும். ஏறும்போது கடலே கதவை அழுத்திச் சாத்திவிடும். இடுக்கில் சிக்கும் மட்டைகளை எடுத்துப் போடத்தான் ஆள் வேண்டும்.

நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிய நம் முன்னோரில் பலர் இங்கே இறங்கித் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். 1963இல் துறைமுகம் ரயில்வேயின் பொறுப்பிலிருந்து தனி ஆணையத்துக்கு மாறியது. 1972இல் பெயரும் கிள்ளான் துறைமுகம் என்று மாறியது. ஆனாலும் 1973இல் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டதே உண்மையான திருப்பம், ஏனெனில் மூட்டை சுமந்தவர்களின் வேலையைப் பாரந்தூக்கிகள் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது அதிலிருந்துதான். 1986இல் அந்த முனையம் தனியார்மயமானது. 1994இல் இண்டா தீவில் வெஸ்ட்போர்ட்ஸ் என்ற இன்னொரு முனையம் இயங்கத் தொடங்கியது. 20 அடிக் கொள்கலன் கணக்கில் 2023இல் துறைமுகம் கையாண்டது 1 கோடியே 40 லட்சம்; அவற்றில் பெரும்பகுதி ஒரு கப்பலில் வந்து இன்னொரு கப்பலில் போய்விடுபவை.

எங்கள் வட்டார ஆலைகளின் செம்பனை எண்ணெய் வேறு வழியில் போகிறது: தாங்கி லோரிகளில் துறைமுகம் சேர்ந்து, பெருந்தொட்டிகளில் தங்கி, குழாய் வழியாகக் கப்பலேறுகிறது. அந்த லோரிகளை ஓட்டுவோரில் தோட்டத்து லயன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்களும் இருக்கிறார்கள்.