சிஜிஎல் இங்கிலீஷ்: 'பீட் எ ரிட்ரீட்' கற்றுக்கொடுத்த வழி

மத்திய அரசு வேலைக்கான சிஜிஎல் தேர்வின் இறுதிப் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. சூடு ஆறினால் பாதி மறந்துபோகும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். கணக்குக்கும் ரீசனிங்குக்கும் வழி சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் இங்கிலீஷில் ஈடியம் (மரபுத்தொடர்) பகுதியை மட்டும் சொல்கிறேன். டயர் 2 என்ற இரண்டாம் கட்டத் தேர்வில் சரியான விடைக்கு 3 மதிப்பெண், தப்பினால் 1 போய்விடும். என்னைக் கரையேற்றியது இந்த ஈடியம் பகுதிதான்.

கோச்சிங் சென்டர்கள் நிறைந்த டெல்லி முகர்ஜி நகரில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரிய கஷ்டமே இங்கிலீஷ் வகுப்பும் இந்தியில் நடப்பதுதான். நான் சேர்ந்த கோச்சிங்கில் சார் போர்டில் 'பீட் எ ரிட்ரீட்' என்று எழுதினார். பக்கத்தில் 'நௌ தோ க்யாரஹ் ஹோனா' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். ஒன்பதும் இரண்டும் பதினொன்று என்றால் ஓட்டம் பிடிப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பீகார் பையன்தான் விளக்கினான். இங்கிலீஷிலிருந்து இந்தி, இந்தியிலிருந்து தமிழ் என்று இரண்டு ஆறு தாண்டி வரும் அர்த்தம் தேர்வறையில் கைகொடுக்காது.

என் வழி வேறு. ராணுவத்திலிருந்து வந்த ஈடியம் என்றால் முதலில் சிப்பாய் என்ன செய்தான் என்று பார்ப்பேன். டெல்லியில் இருப்பவர்களுக்கு இது ஒரு கொடுப்பினை. ஒவ்வொரு ஜனவரி 29-ம் தேதி மாலையும் விஜய் சௌக்கில் பீட்டிங் ரிட்ரீட் என்ற குடியரசு தின நிறைவு விழா நடக்கிறது. அந்தக் காலத்தில் பொழுது சாய்ந்ததும் முரசு கொட்டுவார்கள், பியூகிள் ஊதுவார்கள். படை சண்டையை நிறுத்தி, ஆயுதத்தை உறையில் போட்டுக்கொண்டு பாசறைக்குத் திரும்பும். இன்றும் விஜய் சௌக்கில் பியூகிள் ஒலிக்கக் கொடிகள் மெல்ல இறங்குகின்றன. ரைசினா மேட்டில் வெயில் மங்கும் நேரத்தில் அதைப் பார்த்தவருக்கு 'பீட்' என்பது முரசு அடிப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 'எதிரியைத் தோற்கடித்து விரட்டுவது' என்ற ஆப்ஷன் அவரை ஏமாற்றாது.

ஆனால் விழாவில் இருக்கும் கம்பீரம் அன்றாடப் பேச்சில் இல்லை. சங்கடமான இடத்திலிருந்து கழன்றுகொள்வதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். கரோல் பாக் அறையில் நண்பர்கள் அரட்டை அடிக்கும்போது வீட்டுக்காரர் பாக்கி வாடகை கேட்டு வருகிறார், ஒருவன் மட்டும் பின்கதவு வழியாக நழுவுகிறான் என்றால் அவன் செய்தது அதுதான். நடுவில் 'ஹேஸ்டி' (அவசரமான) சேர்ந்தால் நம்மூர்க் கணக்கில் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியது.

இதே முறையில் நான் பிடித்தவை:

- பாஸ் மஸ்டர்: வரிசையில் நிற்கவைத்து ஆளையும் ஆயுதத்தையும் சோதிப்பது மஸ்டர். நூறு நாள் வேலையின் மஸ்டர் ரோலும் இதே சொல்தான். சோதனையில் தேறுவது, ஏற்கும் தரத்தில் இருப்பது.
- ஃப்ளாஷ் இன் த பேன்: பழைய துப்பாக்கியின் கிண்ணத்தில் மருந்து பளிச்சென்று எரியும், குண்டு கிளம்பாது. ஒருமுறை மின்னி அணைந்த வெற்றி.
- ஹேங் ஃபயர்: விசையை இழுத்தும் வெடிக்கத் தாமதமாவது. முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவது. மேலே உள்ளதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே குண்டு போகவே இல்லை, இங்கே இன்னும் போகவில்லை.
- லாக், ஸ்டாக் அண்ட் பேரல்: விசைப்பொறி, கட்டை, குழல். மூன்றும் சேர்ந்தால் முழுத் துப்பாக்கி. ஆகவே 'ஒன்று விடாமல்'.
- ஸ்டீல் எ மார்ச்: எதிரிக்குத் தெரியாமல் படையை முன்னால் நகர்த்துவது. முந்திக்கொள்வது.

'பைட் த புல்லட்' எப்படி வந்தது என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து இல்லை. மயக்க மருந்தில்லாத அறுவை சிகிச்சையில் சிப்பாய் குண்டைக் கடித்தான் என்ற கதையை ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்பதில்லை. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடிப்பது என்ற அர்த்தத்தில் சண்டை இல்லை, தேர்வுக்கு அது போதும்.

கதை பிடிக்காதவர்களுக்கு இந்த முறை சரிவராது, அவர்கள் ஃப்ளாஷ் கார்டே போடலாம். என்னைப் போல் மனப்பாடம் ஒட்டாதவர்களுக்குச் சொல்கிறேன்:

- ஆயிரம் ஈடியம் புத்தகம் வேண்டாம், முந்தைய ஆண்டு வினாத்தாள்களிலிருந்து எடுங்கள்.
- ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீடு, தெரு, அறை வைத்துச் சொந்தமாகத் தமிழில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்.
- காட்சி கிடைக்காத ஈடியத்துக்குப் பின்னால் அலையாதீர்கள், அப்படியே எழுதிப் பழகுங்கள்.
- அப்புறம், காட்சி தெரியாமல் ஆப்ஷனில் உள்ள வார்த்தைகளை மட்டும் வைத்து ஊகிக்க வேண்டியிருந்தால், அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.