குவாதலூப்பே மாதா திருத்தலமும் இறங்கிக்கொண்டே இருக்கும் மண்ணும்

வேளாங்கண்ணியில் மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் நேர்ச்சைக்காரர்கள் முழங்காலால் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மெக்சிகோ நகரத்தின் குவாதலூப்பே மாதா திருத்தலம் அந்நியமாகத் தோன்றாது. அங்கேயும் வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலிலேயே போகிறார்கள். நான் போன அன்று, கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் அப்படி நகர்ந்துகொண்டிருந்தார். அவருடைய கணவர் ஒரு பழைய போர்வையை முன்னால் விரிப்பதும், அவர் கடந்ததும் பின்னாலிருந்து உருவி மறுபடி முன்னால் போடுவதுமாக இருந்தார். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஆனால் அவர்கள் சொன்னது அருள்நிறை மந்திரம் என்பது அந்த ராகத்திலேயே தெரிந்துவிட்டது. நானும் தமிழில் கூடச் சொன்னேன்.

1531 டிசம்பரில் தெப்பேயாக் குன்றில் ஹுவான் தியேகோ என்ற பூர்வகுடி மனிதருக்கு மாதா காட்சி கொடுத்தார். ஆயர் அடையாளம் கேட்டபோது, குளிர்காலத்தில் பூத்த ரோஜாக்களை ஹுவான் தியேகோ தன் மேலாடையில் ஏந்திக்கொண்டு போய்க் கொட்டினார். அந்த ஆடையில் மாதாவின் உருவம் பதிந்திருந்தது என்பது நம் விசுவாசம். அதே ஆடைதான் இன்றும் பீடத்துக்கு மேலே கண்ணாடிக்குள் இருக்கிறது. அதன் கீழே நகரும் நடைமேடையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே கடக்கலாம். ஒரு முறை போதவில்லை. திரும்பத் திரும்ப ஏறினேன்.

இந்தப் படம் ஏன் புதுக் கோயிலில் இருக்கிறது? பக்கத்திலேயே 1709இல் கட்டி முடித்த அழகான பழைய பசிலிக்கா நிற்கிறதே என்று கேட்கலாம். அந்தக் கோயில் மண்ணில் இறங்கிச் சாய்ந்து, பெருங்கூட்டத்துக்குப் பாதுகாப்பில்லாமல் போனதால்தான் 1976இல் மாதா இடம் மாறினார். புதுக் கோயிலை 300க்கும் மேற்பட்ட பைல்கள், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய அஸ்திவாரத் தூண்கள், தாங்குகின்றன. பழைய கோயிலையும் கைவிடாமல் பல வருடம் அஸ்திவார வேலை செய்து, கிறிஸ்து அரசர் ஆலயமாகத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். உள்ளே நடந்தால் தரையின் சரிவு காலுக்குத் தெரியும். ஒட்டி நிற்கும் கப்புச்சின் கன்னியர் மடக் கோயிலின் சாய்வோ வெறும் கண்ணுக்கே தெரிகிறது.

காரணம் இந்த ஊரின் மண். தெக்ஸ்கோகோ ஏரிக்கு நடுவே, ஒரு தீவில் அஸ்டெக் மக்கள் கட்டிய நகரம் இது. 1521இல் ஸ்பானியர் பிடித்தார்கள். இடித்த கோயில்களின் மேலேயே தங்கள் கோயில்களைக் கட்டினார்கள், ஏரியை வடித்தார்கள். அடியில் இருப்பது எரிமலைச் சாம்பல் கலந்த களிமண். நீரில் ஊறிய பஞ்சு மாதிரி, அதில் மண்ணின் எடையைவிடத் தண்ணீரின் எடை சில மடங்கு அதிகம். ஊர் பெருத்ததும் குடிநீருக்காக நிலத்தடி நீரை இறைத்தார்கள். நீர் போகப் போகக் களிமண் சுருங்கியது. 1910இல் எழுப்பிய சுதந்திரத் தேவதைத் தூண் ஆழமான அஸ்திவாரத்தில் அப்படியே நிற்க, சுற்றியிருந்த தெரு இறங்கிவிட்டது. அதனால் அதன் அடியில் 14 படிகள் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது.

கட்டிடம் முழுக்கச் சமமாக இறங்கினால் பெரிய மோசமில்லை. ஒரு மூலை அதிகமாகவும் இன்னொரு மூலை குறைவாகவும் இறங்கும்போதுதான் சுவர் வெடிக்கும். நம்ம ஊர்க் கொத்தனார் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். நகரின் நடுவே சோக்கலோ சதுக்கத்தில் இருக்கும் பேராலயத்துக்கு நேர்ந்ததும் அதுதான். 1573இல் தொடங்கி 1813வரை கட்டிய கோயில் அது. பழைய அஸ்டெக் கட்டிடங்கள் அழுத்தி வைத்திருந்த இடங்களில் மண் முன்பே இறுகியிருந்தது. மற்ற இடங்களில் இல்லை. 1989இல் அளந்தபோது பீடத்தின் பின்பகுதிக்கும் மேற்குக் கோபுரத்துக்கும் சுமார் 2.4 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தது.

இதற்குச் செய்த வைத்தியத்தைப் படித்துவிட்டுத்தான் நான் அங்கே போனேன். சாய்ந்த கட்டிடத்தில் தாழ்ந்த பக்கத்தைத் தூக்கி நிறுத்துவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அவர்கள் உயர்ந்து நின்ற பக்கத்தைக் கீழே இறக்கினார்கள். கோயிலைச் சுற்றியும் அடியிலும் 32 கிணறுகள், 14 முதல் 25 மீட்டர் ஆழம் வரை. அந்த இருட்டில் ஆட்கள் இறங்கி, பக்கவாட்டில் மெல்லிய குழாய்களைச் செலுத்திக் களிமண்ணை உருவினார்கள். மேலே இருக்கும் பாரத்தில் அந்தத் துளைகள் தானாக மூடிக்கொள்ளும், கோயில் இம்மி இம்மியாக இறங்கும். தூண்களுக்கு இரும்பு முட்டுக் கொடுத்து, அளந்து அளந்து, 1993 முதல் 1998வரை 4,000 கன மீட்டருக்கு மேல் மண்ணை எடுத்தார்கள். பிசா கோபுரத்தின் சாய்வைக் குறைத்ததும் பின்னர் இதே முறையில்தான்.

முழுசாக நேராக்க அவர்கள் முயலவில்லை. ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுக்குச் சரிசெய்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம், வேகமாக இறங்கும் பகுதிகளின் களிமண்ணுக்குள் சிமெண்ட் கலவையைச் செலுத்தி இறுகவைத்தார்கள். ஊரே இறங்கும்போது கோயில் மட்டும் நிற்காது. இறங்குவது சேர்ந்து இறங்கட்டும் என்பதுதான் கணக்கு. மணல்மேல் வீடு கட்டியவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். இங்கே முன்னோர் கட்டிவிட்டுப் போன இடத்தை மாற்ற வழியில்லை. பின்னால் வந்தவர்கள் மண்ணுக்குள் இறங்கிப் பாடுபட்டார்கள். அந்த உழைப்பு எனக்கு ஒரு நீண்ட ஆராதனையாகவே படுகிறது.

பேராலயத்துக்குள் நுழைந்ததும் மன்னிப்பின் பீடம். அங்கே கறுப்பு நிற இயேசுவின் சுரூபம் இருக்கிறது. பக்தர் ஒருவரின் உதட்டிலிருந்த நஞ்சைத் தன் பாதத்தால் உறிஞ்சிக்கொண்டு கறுத்துப்போனார் என்பது ஊர் மக்கள் சொல்லும் கதை. அவர் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நடுக்கூடத்துக்கு வந்தால், மேலே குவிமாடத்திலிருந்து நீண்ட கம்பியில் தூக்குக்குண்டு தொங்குகிறது. கொத்தனார் கையில் இருக்குமே, அதேதான், அளவில் பெரியது. கோயில் எந்தக் காலத்தில் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பது அதன் கீழே தரையில் குறித்திருக்கிறது.

போகிறவர்கள் திருத்தலத்துக்கு மெட்ரோ ரயிலில் லா வில்லா பசிலிக்கா நிலையத்தில் இறங்கலாம், பேராலயத்துக்கு சோக்கலோ நிலையம். டிசம்பர் 12 திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும், நின்று செபிக்க விரும்பினால் வேறு நாளில் போங்கள். புதுக் கோயிலோடு திரும்பிவிடாமல் பழைய பசிலிக்காவுக்குள்ளும் நடந்து பாருங்கள். பேராலயத்தில் தூக்குக்குண்டுக்குப் பக்கத்தில் நின்று, அந்த 32 கிணறுகளில் இறங்கி வேலை செய்தவர்களுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.