நாகப்பட்டினம் கொட்டகை வார்டு, 1942

மே 18, திங்கள்

ரங்கூன் மார்ச்சிலேயே ஜப்பானியரிடம் விழுந்தாயிற்று. தப்பியவர்கள் இன்னும் ஊர் வந்துகொண்டிருக்கிறார்கள். பலருக்குக் குளிர்காய்ச்சல். கொய்னா வேளைக்கு 10 கிரெயின், மூன்று வேளை. ஜாவாவும் அவர்களிடம் போனதோடு, கொய்னா எடுக்கும் சிங்கோனாப் பட்டையும் போனது; நீலகிரி நடுவட்டத்துச் சரக்கே கதி. கசப்புக்குப் பயந்து துப்புகிறார்கள், விழுங்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும்.

மே 20, புதன்

வாந்திபேதி, அதாவது காலரா, வந்துவிட்டது. கீற்றுக் கொட்டகையைத் தனி வார்டாக்கியிருக்கிறோம்.

நரம்பில் ஏற்றும் உப்புநீரான சலைனுக்குக் கல்கத்தா டாக்டர் ரோஜர்ஸ் கணக்கு: ஒரு பைண்ட் வடிநீருக்குச் சோடியம் குளோரைடு 120 கிரெயின், பொட்டாசியம் குளோரைடு 6, கால்சியம் குளோரைடு 4. தொல்லை கடைசி உப்பில்தான். கடற்காற்றில் சீசாவைத் திறந்ததும் ஈரத்தை இழுத்துக் கசியும். அதை நிறுத்தால் உப்பு குறைந்து தண்ணீர்தான் எடையில் நிற்கும். மற்றதையெல்லாம் நிறுத்த பிறகே அந்தச் சீசாவைத் தொட வேண்டும்.

ராத்தங்கிய வடிநீரில் கலந்தால் நோயாளிக்கு நடுக்கல் காண்கிறது. மறுபடி கொதிக்கவைத்தும் பயனில்லை. கிருமி செத்தாலும் அதன் விஷம் அந்தச் சூட்டுக்கு மசியாது. அன்று வடித்தது அன்றே கலந்து கொதித்தாக வேண்டும்.

மணிக்கட்டில் நாடி இல்லை, ரத்த அழுத்தம் 70க்குக் கீழே என்றால் டாக்டருக்கு ஆள் அனுப்பு. கணுக்காலில் ரத்த நரம்பைத் திறந்து குழாயைக் கட்டித் தருவார். நாடி திரும்பும்வரை நிமிடத்துக்கு 4 அவுன்ஸ், பிறகு பாதி. தலைவலி என்றால் இன்னும் குறை. சலைனைச் சூடாக்குமுன் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார். கைகால் ஜில்லிட்டிருக்கும்போதே உள்ளே 102 டிகிரி காயலாம். அவருக்குச் சூடான சலைன் எமன்.

தண்ணீர் கொடுத்தால் பேதி கூடுமென்று பாட்டிமார் சொம்பை ஒளிக்கிறார்கள். வார்டில் நோயைவிட அவர்களோடுதான் மல்லுக்கட்டு.

மே 23, சனி

மலேயா போனபின் புது ரப்பர் குழாய் கிடைப்பதில்லை. சலைன் முடிந்த கையோடு பச்சைத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். முதலிலேயே வெந்நீர் விட்டால் ரத்தம் உள்ளே வெந்து ஒட்டிக்கொள்ளும். மடிக்காமல் தொங்கவிடு, மடித்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும்.

திரிகோணமலையில் குண்டு விழுந்ததிலிருந்து விளக்குக்குக் கறுப்புத் துணி. சலைன் மட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை, டார்ச் வேண்டும்.

மே 27, புதன்

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர். விட்டம் 6 அடி, தண்ணீர் 8 அடி: 6 × 6 × 8 × 5, அதாவது 1,440 காலன். எவ்வளவு பவுடர் வேண்டுமென்று சோதிக்கும் ஹாரக்ஸ் பெட்டியில் மூன்றாவது கிண்ணம் நீலமானது. 100 காலனுக்கு மூன்று கரண்டி, கரண்டிக்கு 2 கிராம். மொத்தம் ஏறக்குறைய 3 அவுன்ஸ். கூழாகக் குழைத்துக் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, வாளியை முக்கி முக்கிக் கலக்கு. அரைமணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. கடைமடைக் கிணறு உப்புக் கரிக்கிறது, அதில் காலரா தங்காது என்கிறார் மணியக்காரர். நன்றாகவே தங்கும்.

மே 29, வெள்ளி

பேதி நின்றவரை அழைத்துப்போக உறவுக்காரர்கள் அவசரப்படுகிறார்கள். சிறுநீர் பிரியாமல் யாரையும் அனுப்புவதில்லை. அடைத்துக்கொண்டால் விக்கலும் மயக்கமும் பிறகு வரும். கட்டிலுக்கு ஒரு அளவுக் குப்பி வைத்திருக்கிறது. இரவு டியூட்டிக்கு வரும் சிஸ்டர் அதைத்தான் முதலில் பார்த்து எழுத வேண்டும்.