வட்டைத் தேடினால் போதாது, பிடித்தும் வைக்க வேண்டும்

லினக்ஸ் கெர்னலில் ஒரு பழைய ஸ்கஸி (SCSI, வட்டு போன்ற சாதனங்களைக் கணினியுடன் இணைக்கும் முறை) டிரைவரைச் சீர்செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. வட்டைக் கழற்றும்போது, அதுவும் எப்போதாவதுதான், கெர்னல் நிலைகுலையும். காசன் (KASAN, நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவி) வசதியுடன் தொகுத்த கெர்னலில் ஓட்டியதும் குட்டு வெளிப்பட்டது: ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தை டிரைவர் படித்துக்கொண்டிருந்தது.

முகவரியான சேனல், டார்கெட், லன் எண்களைக் கொடுத்து ஒரு ஹோஸ்ட்டில் (வட்டுகள் இணையும் கட்டுப்படுத்தியில்) வட்டைத் தேட இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. '__ஸ்கஸி_டிவைஸ்_லுக்அப்' வெறும் பாய்ண்டரை, அதாவது வட்டின் விவரம் இருக்கும் நினைவக முகவரியை, தரும். ஹோஸ்ட் லாக் (ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) நம் கையில் இருக்கும்வரைதான் அதை நம்பலாம். முன்னால் அடிக்கோடுகள் இல்லாத 'ஸ்கஸி_டிவைஸ்_லுக்அப்' லாக்கைத் தானே எடுத்து, தேடி, ரெஃபரன்ஸையும் ('இது பயன்பாட்டில் உள்ளது, நினைவகத்தை விடாதே' என்ற கணக்கை) பிடித்துக் கொடுக்கும். இந்த டிரைவரில் முதல் வகையை அழைத்து, லாக்கை விட்ட பிறகும் பாய்ண்டரைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தச் சிறு இடைவெளியில் வட்டு நீக்கப்பட்டால் பாய்ண்டர் காட்டும் இடத்தில் எதுவும் இருக்கலாம்.

பெரும்பாலான இடங்களில் இரண்டாவது வகைக்கு மாற்றினேன். ஓரிடத்தில் அது முடியாது. அங்கே ஹோஸ்ட் லாக் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. அது ஸ்பின்லாக், கிடைக்கும்வரை சுழன்று காத்திருக்கும் வகை; அதை வைத்திருப்பவரே மறுபடி கேட்டால் அங்கேயே உறைந்துபோக வேண்டியதுதான். எனவே அங்கு முதல் வகையையே வைத்து, லாக்கை விடுவதற்கு முன் 'ஸ்கஸி_டிவைஸ்_கெட்' அழைப்பைச் சேர்த்தேன். அதன் விடையைச் சோதிப்பது கட்டாயம்: நீக்கப்பட்டுவரும் வட்டுக்கு அது ரெஃபரன்ஸ் தர மறுக்கும். கிடைத்தாலும், நிலைத்திருப்பது நினைவகம் மட்டுமே. வட்டு போயிருக்கலாம், அனுப்பும் கட்டளை தோற்கலாம். அதற்கும் நிரல் தயாராக இருக்க வேண்டும்.

உண்மையில் என்னை அலைக்கழித்தது 'புட்', அதாவது ரெஃபரன்ஸை விடும் அழைப்பு. எடுத்த ஒவ்வொரு ரெஃபரன்ஸையும் திருப்பித் தர வேண்டும். பிழை நேர்ந்து பாதியில் வெளியேறும் வழிகளில்தான் அது விடுபடுகிறது. ஹோஸ்ட்டின் வட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் 'ஷோஸ்ட்_ஃபார்_ஈச்_டிவைஸ்' சுழற்சி இதில் மிகவும் வஞ்சகமானது. ஒவ்வொரு சுற்றிலும் தானே எடுத்துத் தானே விடும். நடுவில் 'பிரேக்' போட்டால் கடைசி ரெஃபரன்ஸ் நம் தலையில். அதை விடாவிட்டால் வட்டின் நினைவகம் மட்டுமல்ல, ஹோஸ்ட் டிரைவரின் மாட்யூலும் (கெர்னலில் ஏற்றி நீக்கக்கூடிய நிரல் துண்டு) சிக்கிக்கொள்ளும். அதை நீக்க முயன்றால் 'பயன்பாட்டில் உள்ளது' என்றே பதில் வரும்.

சோதனைக்கு, படித்தலும் எழுதுதலும் நடக்கும்போதே சிஸ்எஃப்எஸ்ஸில் (sysfs, கெர்னல் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அந்த வட்டின் 'டிலீட்' கோப்பில் 1 எழுதி நீக்கினேன்; ஹோஸ்ட்டின் 'ஸ்கேன்' கோப்பில் '- - -' எழுதித் திரும்ப வரவழைத்தேன். இதையே இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் காசன் அறிக்கை எதுவும் இல்லை. மாட்யூலும் மறுப்பின்றி நீங்கியது.